க்யூபிலிருந்து பட்டை வரைபடம்: ஒரு பக்க விற்பனை ரிப்போர்ட் கட்டிய குறிப்புகள்

ஆபீசில் கேட்டது ஒரே ஒரு பக்கம். நாடு வாரியாக விற்பனை, பொருள் வாரியாக விற்பனை, மாதம் வாரியாக விற்பனை. மூன்றும் பட்டை வரைபடங்களாக இருக்க வேண்டும், மேலே ஆண்டைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி இருக்க வேண்டும். டேட்டா ஏற்கெனவே எஸ்எஸ்ஏஎஸ் (எஸ்க்யூஎல் சர்வர் அனாலிசிஸ் சர்வீசஸ்) க்யூபில், அதாவது பல கோணங்களில் கூட்டிப் பார்க்கும்படி அடுக்கிவைத்த தரவுத்தொகுப்பில், தயாராக இருக்கிறது. ரிப்போர்ட் எஸ்எஸ்ஆர்எஸ்ஸில் (ரிப்போர்ட்டிங் சர்வீசஸ், மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் கருவி) வர வேண்டும். அவ்வளவுதான்.

கம்பெனி எண்களை வெளியே காட்ட முடியாது. அதனால் அதே வேலையை மைக்ரோசாஃப்ட் தரும் அட்வென்ச்சர் வொர்க்ஸ் மாதிரி க்யூபில் மறுபடி செய்து, அந்த எண்களோடு எழுதுகிறேன். அது சைக்கிள் விற்கும் ஒரு கற்பனைக் கம்பெனி. எஸ்க்யூஎல் சர்வர் டெவலப்பர் எடிஷன் இலவசம், அதில் இந்த க்யூபை ஏற்றி நீங்களும் செய்து பார்க்கலாம். எக்ஸ்பிரஸ் எடிஷனை இறக்கிவிடாதீர்கள், அதில் அனாலிசிஸ் சர்வீசஸ் கிடையாது.

ஆரம்பிக்கும் முன் ஒரு எண்ணைத் தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 2,93,58,677. இந்த க்யூபில் இன்டர்நெட் வழி விற்பனையின் மொத்தத் தொகை, டாலரில். கீழே வரும் பாதிச் சிக்கல்களை இந்த ஒரு எண்ணே காட்டிக்கொடுக்கும்.

பெயரில்லாத பட்டை

நாடு வாரியான சார்ட்தான் சுலபம் என்று அதை முதலில் எடுத்தேன். ஆறே நாடுகள். குவெரி டிசைனரில் மெஷரையும் (அளக்கும் எண், இங்கே விற்பனைத் தொகை) நாட்டையும் இழுத்துப் போட்டால் சரியாகவே வரும். ஆனால் நம்மில் பலர் எம்டிஎக்ஸை (க்யூபிடம் கேள்வி கேட்கும் மொழி) கையால் எழுதிப் பழகியவர்கள். கஸ்டமர் டைமென்ஷனில் (பிரித்துப் பார்க்கும் கோணம்) கன்ட்ரி ஹயரார்க்கி (அதன் படிநிலை), அதன் பின்னால் ஒரு புள்ளி, அப்புறம் மெம்பர்ஸ். இப்படி எழுதி ஓட்டினால் ஆறுக்குப் பதில் ஏழு பட்டைகள் வரும். ஏழாவதற்குப் பெயரே இருக்காது. மற்ற ஆறையும் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்கு அது மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். அச்சு 3 கோடி வரை போய்விடும். 94 லட்சத்தோடு முதலிடத்தில் இருக்கும் அமெரிக்கா, சார்ட்டின் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது.

அந்தப் பெயரில்லாத பட்டை எங்கிருந்து வந்தது? ஹயரார்க்கியின் மெம்பர்ஸ் என்று கேட்டால் க்யூப் 'ஆல் கஸ்டமர்ஸ்' என்ற மொத்தத்தையும் ஒரு மெம்பராகவே தரும். க்யூபின் கணக்கில் அது நியாயம். அங்கே மொத்தமும் ஒரு உறுப்பு, பகுதியும் ஒரு உறுப்பு. ஆனால் எஸ்எஸ்ஆர்எஸ்ஸின் டேட்டாசெட்டில் இருப்பவை வெறும் வரிசைகளும் நெடுவரிசைகளும்தான். க்யூபின் பதில் அதற்குள் நுழையும்போது தட்டையாக்கப்படுகிறது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நெடுவரிசை உண்டு, 'ஆல்' நிலைக்கு மட்டும் கிடையாது. அதனால் மொத்தத்தின் வரிசையில் கன்ட்ரி நெடுவரிசை காலியாகவும், தொகை மட்டும் முழுசாகவும் வந்து நிற்கிறது. எது மொத்தம், எது பகுதி என்று சார்ட்டுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. கொடுத்ததை வரைகிறது.

தீர்வு ஒரு சொல். ஹயரார்க்கியின் மெம்பர்ஸைக் கேட்காமல், அதற்குள் இருக்கும் கன்ட்ரி என்ற நிலையின் மெம்பர்ஸைக் கேளுங்கள். கன்ட்ரி, புள்ளி, கன்ட்ரி, புள்ளி, மெம்பர்ஸ். டிசைனர் எழுதித் தரும் குவெரியைத் திறந்து பார்த்தால் அதுவும் இப்படித்தான் இரண்டு முறை எழுதியிருக்கும்.

சார்ட்டில் ஃபில்டர் போட்டுக் காலியானதை மறைத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மறைக்கலாம். ஆனால் அதே டேட்டாசெட்டை ஒரு டேபிளும் பயன்படுத்தினால், அங்கே மொத்தம் இரட்டிப்பாக நிற்கும். வேண்டாததை குவெரியிலேயே கேட்காமல் விடுவதுதான் என் பழக்கம்.

இதைவிட மோசமானது பெயரோடு வரும் தவறு. கஸ்டமர் ஜியாக்ரஃபி ஹயரார்க்கியில் நாட்டுக்குக் கீழே மாநிலம், அதற்குக் கீழே நகரம் என்று படிகள் உண்டு. நாடும் மாநிலமும் சேர்ந்து வரும்படி குவெரி எழுதி, சார்ட்டில் நாட்டை மட்டும் குரூப்பாக வைத்தால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியா என்று ஒரு வரிசை, அதன் கீழே ஆஸ்திரேலிய மாநிலங்களின் வரிசைகள். எல்லாவற்றின் கன்ட்ரி நெடுவரிசையிலும் ஆஸ்திரேலியா என்றே இருக்கும். சார்ட் எல்லாவற்றையும் கூட்டும். 90.6 லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் 1 கோடியே 81 லட்சம் நிற்கும். எல்லா நாடுகளும் ஒரே மாதிரி இரட்டிப்பதால் பட்டைகளின் விகிதம் துளியும் மாறாது. பார்த்தால் சார்ட் அழகாக இருக்கும். அச்சில் உள்ள எண்ணைப் படிப்பவருக்குத்தான் விவகாரம் தெரியும். தாளில் எழுதி வைத்த 2,93,58,677 இங்கேதான் கைகொடுக்கிறது.

இதை ரிப்போர்ட்டிலேயே ஒரு காவலாக வைத்துவிட்டேன். மொத்தத்தை மட்டும் ஒற்றைச் செல்லாகத் தரும் தனி டேட்டாசெட் ஒன்று. சார்ட்டின் டேட்டாசெட்டை முழுதாகக் கூட்டினால் அந்தச் செல்லோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சார்ட்டின் தலைப்பு சிவப்பாகிவிடும். பைசா வித்தியாசம் வரும் என்பதால் ஒரு டாலருக்குள் இருந்தால் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

வரும், ஆனால் வராது

மேலே சொன்ன பெயரில்லாத பட்டையில் இன்னொரு வினோதம் இருக்கிறது. ஒருவர் ரிப்போர்ட்டில் அது வரும், இன்னொருவர் ரிப்போர்ட்டில் அதே குவெரிக்கு வராது. காரணம் டேட்டாசெட் ப்ராப்பர்ட்டீஸில் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் இருக்கும் ஒரு அமைப்பு: துணைக்கூட்டுகளை விவர வரிசைகளாக எடுத்துக்கொள்ளவா என்று கேட்கும். இயல்பாக அது 'ஆட்டோ'வில் இருக்கும். ரிப்போர்ட்டில் எங்கேயும் அக்ரிகேட் என்ற ஃபங்க்ஷனைப் பயன்படுத்தாவிட்டால், க்யூப் தந்த கூட்டுத்தொகை வரிசைகளும் சாதாரண வரிசைகளாகிவிடும். எங்காவது ஓர் இடத்தில் அக்ரிகேட் என்று எழுதினீர்களோ, அவை கூட்டுத்தொகைகளாக மாறி, விவரங்களிலிருந்து விலகிக்கொள்ளும். அதாவது கீழே இருக்கும் டேபிளின் ஒரு செல்லில் யாரோ செய்த மாற்றம், மேலே இருக்கும் சார்ட்டின் பட்டையைக் காணாமல் போகச் செய்யும். இது தெரியாவிட்டால் பேய் பிடித்த ரிப்போர்ட் என்றுதான் நினைப்போம். நான் அதை 'ஆட்டோ'வில் விடுவதே இல்லை, வேண்டியதை நேராகத் தேர்ந்தெடுத்துவிடுகிறேன்.

அக்ரிகேட் எதற்குத் தேவை என்றால், கூட்டவே கூடாத மெஷர்கள் இருக்கின்றன. இந்த க்யூபில் கஸ்டமர் கவுன்ட் அப்படிப்பட்டது. மொத்தம் 18,484 வாடிக்கையாளர்கள். சைக்கிள் வாங்கியவரே ஹெல்மெட்டும் வாங்கியிருப்பார், ஜெர்சியும் வாங்கியிருப்பார். பொருள் வகை வாரியாக எண்ணிக் கூட்டினால் 18,484-ஐத் தாண்டிவிடும். சார்ட்டில் எந்த மெஷரை இழுத்துப் போட்டாலும் அது தானாக 'சம்' (கூட்டு) என்று போட்டுக்கொள்ளும். பணத்துக்கு அது சரி, தலை எண்ணிக்கைக்குச் சரியில்லை. அங்கே சம்மை எடுத்துவிட்டு அக்ரிகேட் போட்டால், சர்வர் கணக்கிட்டுத் தந்த கூட்டை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கூட்டு டேட்டாசெட்டில் இருந்தால்தான் எடுக்க முடியும், இல்லாவிட்டால் காலியாக நிற்கும். குரூப்பும் வெறும் ஃபீல்டாக இருக்க வேண்டும், எக்ஸ்பிரஷனாக இருந்தால் வேலைக்கு ஆகாது.

மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் (குவெரி எழுதிப் பார்க்கும் கருவி) ஓடும் எம்டிஎக்ஸ் எல்லாம் ரிப்போர்ட்டில் ஓடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். அங்கே ஆண்டுகளை நெடுவரிசையில் பரப்பி அழகாகப் பார்த்திருப்பீர்கள். இங்கே முதல் அச்சில் மெஷர்களைத் தவிர வேறு எதையும் வைக்க விடாது, பிழைச் செய்தியிலேயே அதைச் சொல்லிவிடும். யோசித்தால் நியாயம்தான். ரிப்போர்ட்டுக்கு ஃபீல்டுகளின் பெயர்கள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அடுத்த வருஷம் புதிதாக ஒரு நெடுவரிசை முளைத்தால் அதற்கு என்ன செய்வது? எனவே எல்லாவற்றையும் வரிசைகளில் போட்டுவிட்டு, பரப்பும் வேலையைச் சார்ட்டின் சீரீஸ் குரூப்புக்கு விடுங்கள்.

0.05 மில்லிமீட்டர் சாக்ஸ்

பொருள் வாரியான சார்ட்தான் அதிக நேரம் எடுத்தது. இன்டர்நெட்டில் விற்ற உட்பிரிவுகள் 17. கொஞ்சம் வழிவிலகிச் சொல்ல வேண்டும்: பட்டை வரைபடத்தை முதன்முதலில் அச்சில் ஏற்றிய வில்லியம் பிளேஃபேர், 1786-இல் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதியை வரைந்தபோது அதிலும் 17 நாடுகள்தான். பல வருஷங்களுக்கான எண்கள் கைவசம் இல்லாததால் கோட்டு வரைபடம் போட முடியாமல் பட்டைக்கு வந்தார் அவர்.

நம் 17-க்கு வருவோம். ரோட் பைக் 1 கோடியே 45 லட்சம். மவுண்டன் பைக் 99.5 லட்சம். டூரிங் பைக் 38.4 லட்சம். அடுத்து நான்காவதாக வரும் டயர்-ட்யூப் 2.46 லட்சம்தான். கடைசியில் சாக்ஸ், 5,106 டாலர். ரோட் பைக்கின் பட்டையை 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு வரைந்தால் டயர்-ட்யூப் 2.5 மில்லிமீட்டர் வரும். சாக்ஸ் 0.05 மில்லிமீட்டர். அச்சு இயந்திரத்துக்கே அது தெரியாது.

இதற்கு மூன்று வழிகளை எல்லோரும் சொல்வார்கள். அச்சின் ப்ராப்பர்ட்டீஸில் ஸ்கேல் பிரேக் என்று ஒரு டிக் இருக்கிறது. போட்டால் அச்சின் நடுவில் கிழித்த மாதிரி ஒரு வெட்டு விழும், சின்னப் பட்டைகளும் கண்ணுக்குத் தெரியும். எனக்கு அது பிடிக்கவில்லை. பட்டை வரைபடத்தில் நீளம்தான் பேச்சு. அதையே நடுவில் வெட்டிவிட்டால் பார்ப்பவர் எதை எதோடு ஒப்பிடுவார்? இரண்டாவது வழி லாகரிதம் அச்சு. பொறியாளர்களுக்கு ஓகே, விற்பனை மேலாளர் அதைப் பார்த்தால் ஹெல்மெட்டும் ரோட் பைக்கும் கிட்டத்தட்ட சமம் என்று முடிவு கட்டிவிடுவார். மூன்றாவது, முதல் சிலவற்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை 'மற்றவை' என்று ஒரே பட்டையாக்குவது.

மூன்றாவதைச் செய்து பார்த்தேன். சைக்கிள்களைத் தனிச் சார்ட்டுக்கு எடுத்துவிட்டு, மீதி 14-இல் முதல் ஐந்தை டாப்கவுன்ட் மூலம் எடுத்து, மிச்ச ஒன்பதை எக்செப்ட் போட்டு ஒரு கால்குலேட்டட் மெம்பராகச் சேர்த்தேன். டயர்-ட்யூப், ஹெல்மெட், ஜெர்சி, ஷார்ட்ஸ், பாட்டில், அப்புறம் மற்றவை. மற்றவையின் கூட்டு 2.69 லட்சம். டயர்-ட்யூபைவிட அதிகம்! தொகைப்படி வரிசைப்படுத்தியதும் 'மற்றவை' முதலிடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அதைக் கீழே இறக்க குவெரியில் தனியாக ஒரு வரிசை எண்ணைக் கணக்கிட்டு, சார்ட்டின் குரூப்பில் முதலில் அந்த எண்ணாலும் பிறகு தொகையாலும் வரிசைப்படுத்த வேண்டும். நிறத்தையும் சாம்பலாக்க வேண்டும். செய்யலாம். ஆனால் 14 பட்டைகள் ஒரு பக்கத்தில் தாராளமாக அடங்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று தோன்றியது. 'மற்றவை'யை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வரைந்தேன். இடப்பக்கம் சைக்கிள் மூன்று, வலப்பக்கம் மற்ற 14. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு. வலப்பக்கத் தலைப்பிலேயே 'இந்தப் பதினான்கும் சேர்த்து மொத்த விற்பனையில் 3.5 சதவீதம்' என்று எழுதிவிட்டேன், இரண்டு சார்ட்டையும் ஒரே அளவுகோல் என்று யாரும் படித்துவிடக் கூடாது.

பெயர்கள் நீளமானவை என்பதால் படுக்கைப் பட்டைதான் சரி. எஸ்எஸ்ஆர்எஸ்ஸில் 'பார்' என்றால் படுக்கை, 'காலம்' (column) என்றால் நிமிர்ந்தது. படுக்கையில் முதல் உறுப்பு அடியில் வரும், ஏனென்றால் அச்சு கீழிருந்து எண்ணுகிறது. பெரியது மேலே வர வேண்டும் என்று இறங்கு வரிசையில் அடுக்கினால் சாக்ஸ் உச்சியில் இருக்கும். அச்சைத் தலைகீழாக்கும் ஒரு டிக் இருக்கிறது, ஆனால் அதைப் போட்டால் எண்களின் அச்சு சார்ட்டின் மேல்பக்கம் போய்விடும். ஏறு வரிசையில் அடுக்குவது சுலபம், பெரியது தானாக மேலே வந்துவிடும்.

14 பட்டைக்கு ஏழு பெயர்கள்தான் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெயர் அச்சின் இன்டர்வல் 'ஆட்டோ'வில் இருப்பதால் இடம் போதாதென்று ஒன்றுவிட்டு ஒன்று தவிர்க்கிறது. அங்கே 1 என்று போடுங்கள். சார்ட்டின் உயரத்தை நிலையாக வைக்காமல், டைனமிக் ஹைட் ப்ராப்பர்ட்டியில் உட்பிரிவுகளின் எண்ணிக்கையை 0.6 சென்டிமீட்டரால் பெருக்கி, தலைப்புக்கும் அச்சுக்குமாக 2 சென்டிமீட்டர் சேர்த்தேன். எத்தனை பட்டை வந்தாலும் தடிமன் மாறாது.

இன்னொன்று கவனியுங்கள். காம்போனென்ட்ஸ் என்ற பிரிவு இந்தச் சார்ட்டில் எங்கேயும் இல்லை. மறுவிற்பனையாளர்கள் வழியாக அது 1 கோடியே 18 லட்சத்துக்கு விற்றிருக்கிறது, இன்டர்நெட்டில் ஒன்றுமில்லை. குவெரியில் 'நான் எம்ப்டி' (non empty, காலியானதை விட்டுவிடு) என்று போட்டதால் அது கழன்றுவிட்டது. க்யூபில் காலி வேறு, பூஜ்யம் வேறு. இரண்டு வழிகளையும் ஒப்பிடும் சார்ட்டாக இருந்தால் 'நான் எம்ப்டி'யை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாகவே காட்டுவேன். 'இங்கே விற்கவில்லை' என்பதும் ஒரு தகவல்தானே.

ஏப்ரல் முதலில் வந்தால்

மாதச் சார்ட்டை நிமிர்ந்த பட்டைகளாக வைத்தேன், காலம் இடமிருந்து வலமாகப் போகட்டும் என்று. குரூப் சேர்த்ததும் எஸ்எஸ்ஆர்எஸ் அதே ஃபீல்டின் பெயரால் ஒரு வரிசைப்படுத்தலையும் தானாகச் சேர்த்துவிடும். விளைவு ஆங்கில அகரவரிசை: ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர், பிப்ரவரி. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. நமக்கு நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, எனவே முதல் பட்டையைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று கண் நகர்ந்துவிடும். அட்வென்ச்சர் வொர்க்ஸின் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது என்பதால் இங்கே சட்டென்று தெரிந்தது.

க்யூபில் மாதங்கள் சரியான வரிசையில்தான் இருக்கின்றன, டைமென்ஷனிலேயே அது குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. குரூப் ப்ராப்பர்ட்டீஸில் அந்தத் தானியங்கி வரிசைப்படுத்தலை நீக்கினால் க்யூப் தந்த வரிசை அப்படியே நிற்கும். நீக்க மனமில்லாவிட்டால் ஃபீல்டின் பெயருக்குப் பதிலாக அதன் கீ-யால் வரிசைப்படுத்தலாம். க்யூபிலிருந்து வரும் ஃபீல்டுக்கு வேல்யூ மட்டுமல்ல, கீ, யூனிக் நேம், லெவல் நம்பர், ஃபார்மேட்டட் வேல்யூ என்று பல முகங்கள் உண்டு. கடைசியில் சொன்ன ஃபார்மேட்டட் வேல்யூ டாலர் குறியோடு வரும் எழுத்துச் சரம். லேபிளுக்கு வைத்துக்கொள்ளலாம், பட்டையின் நீளத்துக்குக் கொடுத்தால் வரையாது.

அதே பக்கத்தில் ஆண்டு வாரியாக ஓர் அடுக்குப் பட்டையும் போட்டேன், பொருள் வகைக்கு ஒரு நிறம். இந்த க்யூபில் முதல் இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் இன்டர்நெட்டில் சைக்கிள் மட்டுமே விற்றிருக்கிறது. ஆக்சசரீஸ் இருக்கும் ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் முதல் நிறம் அதற்குப் போகும். இல்லாத ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் அதே நிறம் சைக்கிளுக்குப் போய்விடும். இரண்டு ஆண்டுகளின் அச்சுப் பிரதிகளை அருகருகே வைத்துப் பார்ப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்? நிறத்தை பேலட்டுக்கு விடாமல் ஸ்விட்ச் எக்ஸ்பிரஷனில் கட்டிப்போட்டேன். அதிலும் பெயரை வைத்து அல்ல, யூனிக் நேமை வைத்து. க்யூபில் ட்ரான்ஸ்லேஷன் வசதி இருக்கிறது, அட்வென்ச்சர் வொர்க்ஸில் பிரெஞ்சும் ஸ்பானிஷும் ஏற்கெனவே உள்ளன. கனெக்‌ஷன் சரத்தில் லொகேல் ஐடென்டிஃபயரை மாற்றினால் பெயர்கள் அந்த மொழியில் வரும். தமிழுக்கு 1097. தமிழ்ப் பெயர்களை க்யூபில் ஏற்றிவிட்டு அப்படி இணைத்தால் 'பைக்ஸ்' என்று தேடும் ஸ்விட்ச் எதையும் கண்டுபிடிக்காது, யூனிக் நேம் எந்த மொழியிலும் மாறாது.

நூறு சதவீதம், எதற்கு?

மேலே இருக்கும் தேர்வுப் பெட்டிக்கு வருவோம். குவெரி டிசைனரில் ஃபில்டர் பகுதியில் எதையாவது போட்டு பாராமீட்டர் டிக் அடித்தால், மதிப்புகளின் பட்டியலுக்கான மறைவான டேட்டாசெட் உட்பட எல்லாவற்றையும் அதுவே உருவாக்கித் தரும். வசதிதான். ஆனால் அந்த ஃபில்டர் குவெரியில் சப்செலக்டாக (க்யூபையே முதலில் குறுக்கிவிடும் உள்குவெரி) போய் உட்காருகிறது. அதன் விளைவைச் சதவீதச் சார்ட் போடும்போதுதான் பார்க்கலாம்.

'மொத்தத்தில் இந்த நாட்டின் பங்கு' என்று ஒரு கால்குலேட்டட் மெஷர் எழுதுகிறோம், தொகையை ஆல் கஸ்டமர்ஸின் தொகையால் வகுத்து. நாட்டுக்கும் ஒரு பாராமீட்டர் வைத்து அதில் பிரான்சையும் ஜெர்மனியையும் மட்டும் தேர்ந்தெடுத்தால் பிரான்சின் பட்டை 47.7 சதவீதம் காட்டும். உண்மையான மொத்தத்தில் அதன் பங்கு 9 சதவீதம். சப்செலக்ட் போட்டதும் 'ஆல்' என்பது தேர்ந்தெடுத்தவற்றின் கூட்டாகச் சுருங்கிவிடுகிறது. இதைத் தவறு என்று சொல்ல முடியாது, கேள்வி எது என்பதைப் பொறுத்தது. எங்களுக்கு வேண்டியது 9. அதனால் மொத்தத்துக்கான டேட்டாசெட்டில் நாட்டு பாராமீட்டரை இணைக்காமல் விட்டு, வகுத்தலை ரிப்போர்ட்டில் செய்தேன்.

அடுத்தது 'சென்ற ஆண்டைவிட எவ்வளவு வளர்ச்சி'. நாடுகள் வரிசையில், ஆண்டு ஃபில்டரில் மட்டும். பேரலல் பீரியட் (முந்தைய ஆண்டின் அதே காலத்தைத் தரும் எம்டிஎக்ஸ் ஃபங்க்ஷன்) காலியாகவே திரும்பும், பட்டையே வராது. ஏனென்றால் சப்செலக்ட் ஆண்டைக் குறுக்குகிறதே தவிர, கரன்ட் மெம்பரை (அப்போது கணக்கில் நிற்கும் உறுப்பு) அந்த ஆண்டுக்கு நகர்த்துவதில்லை. அது இன்னும் 'ஆல் பீரியட்ஸ்' மேல்தான் நிற்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு ஏது? ஆண்டை குவெரியின் வேர் (where) பகுதிக்கு மாற்றி, பாராமீட்டரை ஸ்ட்ரிங்கிலிருந்து மெம்பராக்கி எழுதினால் சரியாகிவிடும். கையால் எழுதும்போது பாராமீட்டரையும் கையால் அறிவிக்க வேண்டும். எழுதிய பிறகு டிசைன் முறைக்குத் திரும்பும் பொத்தானை அழுத்தினால் எழுதியது போய்விடும், எச்சரிக்கை வரும்போது படிக்காமல் ஓகே கொடுத்துவிடாதீர்கள். நான் குவெரியின் நகலை எப்போதும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வைத்துக்கொள்கிறேன்.

கோடியும் மில்லியனும்

அச்சில் எண்களை எப்படிக் காட்டுவது என்பதில் நமக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. மில்லியனில் வேண்டுமானால் ஃபார்மேட் சரத்தின் முடிவில் இரண்டு காற்புள்ளி சேர்த்தால் போதும், ஒரு காற்புள்ளிக்கு ஆயிரத்தால் வகுக்கும். லட்சமும் கோடியும் ஆயிரத்தின் அடுக்குகள் இல்லை என்பதால் அந்த வித்தை நமக்குப் பலிக்காது. எக்செலில் நிபந்தனையோடு எழுதும் ஃபார்மேட்டும் இங்கே செல்லாது. சார்ட்டின் மதிப்பையே 1,00,000-ஆல் வகுத்துவிட்டு அச்சின் தலைப்பில் 'லட்சம் டாலர்' என்று எழுதிவிடுவதுதான் ஒழுங்கான வழி. டேபிளில் முழு எண்கள் 2,93,58,677 என்று நம் முறையில் பிரிந்து வர, ரிப்போர்ட்டின் லாங்குவேஜ் ப்ராப்பர்ட்டியை இந்திய ஆங்கிலமாக வைத்தால் போதும்.

அச்சு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இயல்பாகவே அந்த டிக் போட்டிருக்கும். 'வித்தியாசம் பளிச்சென்று தெரியவில்லையே' என்று யாராவது அதை எடுக்கச் சொன்னால், வித்தியாசத்தையே தனிச் சார்ட்டாக வரைந்து கொடுங்கள்.

தலைப்பைக் கையால் அடிக்காமல் பாராமீட்டரின் லேபிளிலிருந்து எடுத்தேன். பலவற்றைத் தேர்ந்தெடுத்தால் ஜாயின் மூலம் காற்புள்ளியோடு சேர்ந்து வரும். லேபிளுக்குப் பதில் வேல்யூ என்று எழுதினால் சதுர அடைப்பும் ஆம்பர்சாண்டுமாக மெம்பரின் யூனிக் நேம் தலைப்பில் வந்து நிற்கும். அதே யூனிக் நேம் வேறு இடத்தில் உதவுகிறது: நாட்டின் பட்டையைக் க்ளிக் செய்தால் மாநில ரிப்போர்ட் திறக்கும்படி ஆக்‌ஷன் வைத்து, பாராமீட்டருக்கு அதைத்தான் அனுப்புகிறேன்.

இப்போது புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு தகவல். 2004-இல் வந்த ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் 2022 பதிப்போடு தனிப்பொருளாக நின்றுவிட்டது, எஸ்க்யூஎல் சர்வர் 2025-இலிருந்து அந்த இடத்தில் பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர். ஆர்டிஎல் ஃபைல்கள் (ரிப்போர்ட்டின் வடிவமைப்பு இருக்கும் ஃபைல்கள்) அங்கேயும் ஓடும், எனவே மேலே எழுதியவை அப்படியே பொருந்தும்.

கடைசியாக எக்ஸ்போர்ட். பிடிஎஃப்பில் சிக்கல் இல்லை. எக்செலுக்கு அனுப்பினால் சார்ட்டுகள் படங்களாகத்தான் போகும், பட்டையைச் சொடுக்கி எண்ணைப் பார்க்க முடியாது. கணக்குப் பிரிவினர் எக்செல்தான் கேட்பார்கள் என்று தெரிந்ததால் ஒவ்வொரு சார்ட்டின் கீழும் அதே டேட்டாசெட்டிலிருந்து ஒரு சின்ன டேபிள் வைத்தேன். திரையிலும் பிடிஎஃப்பிலும் அது மறைந்திருக்கும். டேபிளின் ஹிடன் ப்ராப்பர்ட்டியில் ரெண்டர் ஃபார்மேட் நேம் எக்செலா என்று பார்க்கும் ஒரு வரி, அவ்வளவுதான். பழைய எக்செல் வடிவத்துக்கு 'எக்செல்' என்றும் புதியதற்கு 'எக்செல் ஓப்பன் எக்ஸ்எம்எல்' என்றும் வேறு வேறு பெயர் வரும், இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.